சாவிக்குச் சீட்டு கேட்டவர்

அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

வாக்காளர் பட்டியல் திருத்த முகாம் நூலகத்தின் பெரிய அறையில் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது மேசை என்னுடையது. தற்காலிக வேலைதான். ஆனால் எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றாமலேயே சாப்பிட உட்கார்ந்த காலம் அது. எங்கள் கிராமத்தில் எந்த வீட்டுக்குப் படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பது நான்தான் என்பதால், படிவம் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு வேறு.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து நின்றார். இடுப்பில் ஒரு பெரிய வளையம், அதில் கொத்தாகச் சாவிகள். நடந்தால் கலகல, நின்றால் கப்சிப். முகவரி என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதியிருந்தார்.

"அம்மா, இது ஸ்கூல் அட்ரஸ். உங்க வீட்டு அட்ரஸ் வேணும்."

"அதான் என் வீடு."

"ஸ்கூல்ல யாரும் குடியிருக்க முடியாதும்மா. குடியிருப்பு இல்லாத கட்டடம்னு இருக்கு. கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"கம்ப்யூட்டர் ஏத்துக்கலன்னா நான் பத்தொன்பது வருஷமா தெருவுலயா படுத்திருக்கேன்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளைத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஏத்துக்கலங்கிறத எழுதிக் குடுங்க. என்ன காரணம், என்ன தேதி, கீழ உங்க சீல்."

அன்று நான் திருப்பி அனுப்பியவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கும். ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். 'இது குடியிருப்பு அல்லாத கட்டடம், ஆகவே நிராகரிக்கப்படுகிறது.' ஒரே வரி. அந்த ஒரு வரி இல்லாமல் மேல்முறையீடு செய்ய முடியாது என்பது எனக்கே அப்போது தெரியாது. அவருக்கும் தெரியாது. எதை யாரிடம் கொடுத்தாலும் வாங்கினாலும் எழுத்தில் வேண்டும் என்பது அவருடைய பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைப் பிறகுதான் அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரைச் சாவியம்மா என்று கூப்பிடுவார்கள். கணவர் அங்கே காவலாளியாக இருந்தார், இவர் கூட்டிப் பெருக்கும் பணியாளர். அந்த ஊருக்கு வந்தபோது மகளுக்கு எட்டு வயது. பின்பக்கம் சாமான் அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு அறை. ஒரே ஒரு ஜன்னல், அது மைதானத்தைப் பார்க்கும். அதில் மூன்று பேர் இருந்தார்கள். ஆறாவது வருடம் கணவர் போய்ச் சேர்ந்தார். மகள் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். சாவியம்மா மட்டும் அந்த அறையிலேயே இருந்துவிட்டார். கூட்டுவது அவர், மணி அடிப்பது அவர், தொட்டி நிரப்புவது அவர். பதினோரு பூட்டு. நான்காம் வகுப்புக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும்; விஞ்ஞான அறைப் பூட்டு மழைக்காலத்தில் கோபித்துக்கொள்ளும். அந்தக் கட்டடத்தின் குணம் முழுக்க அவர் கைக்குத் தெரியும்.

தேர்தல் வந்தால் அந்தப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. முன்தினமே அதிகாரிகள் பெட்டி படுக்கையோடு வந்துவிடுவார்கள். பெஞ்சுகளை இழுத்துப்போட்டு, கரும்பலகையைத் துடைத்து, அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, விடிவதற்கு முன் கதவுகளைத் திறந்துவிடுவது சாவியம்மாவின் வேலை.

முதல் தேர்தலில் ஒரு வில்லங்கம் வந்தது. எல்லாம் முடிந்து அதிகாரிகள் கிளம்பிய பிறகு எண்ணிப் பார்த்தால் பத்துச் சாவிதான் இருந்தது. சாமான் அறைச் சாவியைக் காணோம். "உன் வீட்டுக்காரிகிட்டதான குடுத்தோம்" என்று, தேடிப் போன கணவரிடம் சொன்னார் அந்தச் சாவடித் தலைமை அலுவலர். எங்கே, எப்போது, யார் கையில் என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று வாரம் கணவன் மனைவி இருவரையும் திருடர்கள் மாதிரி பார்த்தது அந்தப் பள்ளிக்கூடம். அப்புறம் அந்தச் சாவி, தேர்தல் அலுவலகத்துக்குத் திரும்பிப் போன சாக்குப்பைக்குள் அரக்கு, மெழுகுவர்த்திகளோடு கிடந்தது. ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தார் சாவியம்மா. அடுத்த தேர்தலில் தலைமை அலுவலர் கையை நீட்டியபோது, அவர் சாவி வளையத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"சீட்டு எழுதிக் குடுங்க சார்."

"சாவிக்குக் கூடவா சீட்டு? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்."

"ஓட்டுப் பெட்டிய நீங்க சும்மாவா வாங்கிட்டு வந்தீங்க? சீட்டுல கையெழுத்துப் போட்டுத்தான வாங்குனீங்க? எனக்கு இந்தச் சாவி பெட்டி மாதிரி."

"சரி சரி, என்ன எழுதணும்?"

"பதினோரு சாவின்னு எழுதுங்க. யார்கிட்ட வாங்குனீங்கன்னு எழுதுங்க. திருப்பி எங்க வந்து குடுப்பீங்கன்னும் எழுதுங்க. போன தடவ அங்கதான் தகராறு."

அவர் பெருமூச்சு விட்டு எழுதினார்: 'இப்பள்ளி வளாகத்தில் குடியிருக்கும் பணியாளரிடமிருந்து பதினோரு சாவிகள் பெற்றுக்கொண்டேன். வேலை முடிந்ததும் அவரது அறையில் திருப்பி ஒப்படைப்பேன்.' கையெழுத்து, தேதி, சாவடியின் முத்திரை. சாவியம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பிறகே வளையத்தைக் கையில் கொடுத்தார்.

அப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே கதைதான். ஒருவர் முறைப்பார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் "உங்களத்தான்மா தேர்தல் அதிகாரியாப் போடணும்" என்பார். எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். வேறு வழி? கதவு திறக்க வேண்டுமே. சாக்பீஸ் டப்பா ஒன்றில் அந்தச் சீட்டுகள் சேர்ந்தன. பத்தொன்பது வருடத்தில் ஒன்பது தேர்தல். முதலாவதை விட்டுவிட்டால் எட்டுச் சீட்டு.

ஆனால் அந்த ஒன்பது தேர்தலில் ஒன்றில்கூட அவர் ஓட்டுப் போடவில்லை. அவருடைய ஓட்டு கணவரின் சொந்த ஊரில் இருந்தது, நாலு மணி நேரப் பஸ் பயணம். தேர்தல் நாளில் அவர் சாவடியில் இருந்தாக வேண்டும். ஊரெல்லாம் ஓட்டுப் போடக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்ததால், தான் போய்ப் போட நேரமில்லாமல் போன ஆள் அவர்.

அதைக்கூட அவர் பெரிதாக நினைத்ததில்லை, ஒன்பதாவது தேர்தல் வரை.

அந்தத் தடவை வந்த தலைமை அலுவலர் இளம் வயது, விறைப்பான ஆசாமி. அதிகாலை ஐந்து மணிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு தொடங்கியதும் சாவியம்மாவைக் கூப்பிட்டார்.

"நீங்க இந்தச் சாவடி வாக்காளரா?"

"இல்ல சார்."

"தேர்தல் பணியாளர் லிஸ்ட்ல இருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ வெளிய போயிருங்க. கோட்டுக்கு உள்ள வாக்காளரும் பணியாளரும் மட்டும்தான்."

"சார், என் ரூம் உள்ள இருக்கு. அடுப்புல தண்ணி வச்சிருக்கேன்."

"அணைச்சிட்டுப் போங்க."

அணைத்துவிட்டுப் போனார். நூறு மீட்டர் தள்ளிச் சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், நோட்டுப் புத்தகக் கடை வாசலில், காலையிலிருந்து மாலை வரை நின்றார். ஓட்டுப் போட்டு வந்தவர்களெல்லாம் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், சிலர் அவர் மூக்கைத் துடைத்துவிட்ட பிள்ளைகளே. "என்ன சாவியம்மா, போட்டாச்சா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவர் விரலை மடக்கிக்கொண்டார். தன் வீட்டு ஜன்னலைத் தானே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று நாம் யாரும் யோசித்திருக்க மாட்டோம். அவர் யோசித்தார். பதினொரு மணி நேரம் யோசித்தார்.

மாலையில் எல்லாம் முடிந்து, அந்தத் தலைமை அலுவலர் வாசலுக்கு வந்து கையை ஆட்டினார்.

"அம்மா, வந்து பூட்டிக்கங்க. வண்டி வந்திருச்சு."

சாவியம்மா அசையவில்லை. "கோட்டுக்கு உள்ள வர எனக்கு அனுமதி இல்லையே சார்."

"அதெல்லாம் முடிஞ்சுதும்மா, வாங்க."

"முடிஞ்சதா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்? சீட்டுல என் ரூமுக்கு வந்து சாவி ஒப்படைக்கிறேன்னு எழுதியிருக்கீங்க. நான் ரூமுல இல்ல. நீங்கதான் வெளிய அனுப்புனீங்க. நீங்களே வந்து உள்ள கூட்டிட்டுப் போங்க."

விறைப்பான ஆசாமி சாலையைக் கடந்து வந்தார். நோட்டுக் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பிக்கொண்டார். முன்னால் அவர், பின்னால் கலகலக்கச் சாவியே இல்லாமல் சாவியம்மா. அப்படித்தான் அன்று வீடு திரும்பினார்.

அந்த வாரமே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்: "அடுத்த தேர்தலுக்கு நான் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன்."

விசாரித்துப் பார்த்தால் கணவர் ஊர்ப் பட்டியலிலிருந்து அவர் பெயரை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். 'விசாரித்ததில் இம்முகவரியில் வசிக்கவில்லை' என்று காரணம் போட்டிருந்தது. அதில் அவருக்குக் கோபமே இல்லை. "சரியாத்தான எழுதியிருக்காங்க? நான் அங்க இல்லதான்" என்றார். அங்கே இல்லாதவர் என்று அங்கே வெட்டியாயிற்று. இங்கே யாரும் இருக்க முடியாது என்று இங்கே நான் தள்ளியாயிற்று. எழுத்தின்படி அவர் ஆகாயத்தில் குடியிருந்தார்.

மூன்று தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்த நாத்தனார், மெஷினை நிறுத்தாமலே வழி சொன்னாள்.

"எங்க வீட்டு அட்ரஸப் போடுங்க அண்ணி. நாங்க கையெழுத்துப் போட்டுத் தர்றோம். பாதிப் பேரு அப்படித்தான் பண்றாங்க."

"உன் வீட்டுல நான் ஒரு ராத்திரி படுத்திருக்கேனாடி?"

"போன வருஷம் காய்ச்சல்ல வந்து படுத்தீங்களே."

"அதுவும் அன்னைக்கே எந்திரிச்சு ஓடிட்டேன். படிவத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு தெரியுமா? மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு நான் கையெழுத்துப் போடணும். உண்மையச் சொன்னா தள்ளுவாங்க, பொய் சொன்னா சேப்பாங்களா? என்னடி கணக்கு இது?"

"உங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது தாயே. அந்த ஊசிய எடுங்க."

பெரிய டீச்சர் சொன்னதுதான் கனமானது. பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை, சாவியம்மாவின் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நீங்க இருக்கற ரூம் ரெக்கார்டுல பழைய சாமான் அறை. உங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் காவலாளின்னு யாரும் கேக்கல. அப்புறம் நான் கண்ண மூடிக்கிட்டேன். இப்போ நீங்களே போய் நான் அங்க குடியிருக்கேன்னு எழுத்துல பதிஞ்சா, கல்வி அலுவலகம் காலி பண்ணச் சொல்லும். எனக்கு மெமோ வரும். ஒரு ஓட்டுக்காக இருக்கற கூரைய விடுவீங்களா?"

சாவியம்மா வளையத்துச் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம். வெளியே வாடகைக்குப் போனால் சம்பளத்தில் பாதி போய்விடும். அது அவருக்குத் தெரியாதா?

"நான் அந்த அறைல இல்லவே இல்லன்னுதான உங்க ரெக்கார்டு சொல்லுது டீச்சர்? இல்லாத ஆள எப்படிக் காலி பண்ணுவாங்க?"

"விளையாடாதீங்க."

"நான் விளையாடல. மணியடிக்கணும்னா நான் இருக்கேன். தொட்டி வழிஞ்சா இருக்கேன். பெட்டி வந்தா வெந்நீர் வைக்க இருக்கேன். பேர எழுதுன்னா மட்டும் நான் இல்லையா? கூரை போனா போகட்டும். அதையும் எழுத்துல குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

மேல்முறையீட்டு விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. பதிவு அலுவலருடைய அறை சின்னது. கோப்புகளுக்குப் போக மிச்ச இடத்தில்தான் மனிதர்கள். நிராகரித்த மேசைக்காரன் என்பதால் நான் சுவரோரம் நின்றேன். பெரிய டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பள்ளி வளாகத்தில் எவரும் வசிக்கவில்லை என்று அவர் எழுதிய கடிதம் மேசைமேல் இருந்தது. சாவியம்மா அவரைப் பார்த்து எப்போதும்போலத் தலையசைத்தார்.

பதிவு அலுவலர் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார். "உங்க பேர்ல வாடகை ஒப்பந்தம் இருக்கா? கரண்ட் பில்? தண்ணி வரி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"கதவு நம்பர்?"

"கதவுதான் இருக்கு. நம்பர் இல்ல."

"அப்போ எதை வச்சும்மா நீங்க அங்க குடியிருக்கீங்கன்னு நான் நம்பறது?"

சாவியம்மா பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தபோது வெள்ளையாகத் தூள் பறந்து அலுவலருடைய கருப்பு மேசையில் படிந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதி வாரியாக, சீட்டாட்டம் ஆடுபவர் மாதிரி வரிசையாக வைத்தார். எட்டு.

அலுவலர் முதல் சீட்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரே விஷயம்தான். வார்த்தையும் கையெழுத்தும்தான் வேறு வேறு. 'இப்பள்ளி வளாகத்தில் குடியிருக்கும்...' 'வளாகத்திலேயே வசித்து வரும்...' 'பின்புற அறையில் குடியிருக்கும்...' எல்லாவற்றிலும் சாவடியின் முத்திரை.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"உங்க ஆளுங்கதான் சார். நான் ஒரு எழுத்துகூட எழுதல."

"சாவிக்காகத்தான எழுதினாங்க, குடியிருப்புக்குன்னு எழுதலையே?"

"சாவிய எங்க திருப்பிக் குடுக்கறதுன்னு எழுதினாங்க. ஒரு ஆள் எங்க இருப்பாங்களோ அங்கதான குடுக்க முடியும்? குடுத்தாங்க. எட்டுத் தடவ சாவி சரியா என் ரூமுக்கு வந்துச்சு."

சாவியம்மா எழுந்து நின்றார். குரல் உயரவில்லை, ஆனால் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் அங்க குடியில்லன்னு நீங்க எழுதுங்க சார், பரவால்ல. அப்போ இந்த எட்டுச் சீட்டும் பொய்யின்னும் சேத்து எழுதுங்க. உங்க எட்டு அதிகாரியும் முத்திரை குத்திப் பொய் எழுதுனாங்கன்னு எழுதுங்க. ஆளே இல்லாத ஸ்கூல்ல விடியறதுக்கு முன்னாடி கதவு எப்படித் தொறந்துச்சு, யாரு தொறந்தாங்கன்னும் எழுதுங்க. எழுதி, கீழ சீல் வச்சுக் குடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்."

பெரிய டீச்சர் தன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அதை எடுத்து மடித்தார்.

"சார், இத நான் திரும்ப எடுத்துக்கலாமா?"

"ஏன் மேடம்?"

"நான் போன வருஷம் தொட்டி வழியுதுன்னு விடிகாலைல போன் பண்ணேன். இவங்க ரெண்டே நிமிஷத்துல நிறுத்துனாங்க. இத எழுதும்போது எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. வந்தும் எழுதினேன்."

அலுவலர் சீட்டுகளைத் திரும்ப அதே வரிசையில் அடுக்கினார். "அங்க குடியிருக்க அனுமதி உண்டாங்கிறது கல்வி அலுவலகம் பாக்க வேண்டிய விஷயம். குடியிருக்காங்களாங்கிறதுதான் என் வேலை" என்று, யாரிடம் என்றில்லாமல், சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கட்டட வகையக் கையாலயே போட ஒரு இடம் இருக்கும். அதுல போடுங்க."

இருந்தது. முதல் நாளே இருந்திருக்கிறது. நான்தான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

சாவியம்மா கிளம்பாமல் நின்றார். "என் சீட்டுகள வாங்கி வச்சிக்கிட்டீங்கல்ல சார்?"

"நகல் எடுத்துட்டுத் தந்துருவோம்மா."

"அதுவரைக்கும் எட்டுச் சீட்டு வாங்கிக்கிட்டோம்னு ஒரு சீட்டு."

அலுவலர் முதல்முறையாகச் சிரித்தார். எழுதியும் கொடுத்தார்.

பெரிய டீச்சர் பயந்தது நடக்காமல் இல்லை. இரண்டு மாதத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பழைய சாமான் அறையில் அனுமதியின்றித் தங்கியிருப்பவர் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். சாவியம்மா அதைப் படித்துப் பார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, மகளை விட்டுப் பதில் எழுதச் சொன்னார். தான் வெளியேறினால் விடியற்காலையில் பள்ளியைத் திறப்பவர் யார், பதினோரு சாவியை யாரிடம் ஒப்படைப்பது, அவர் எங்கே குடியிருப்பார் என்று மூன்று கேள்வி. கூடவே பெரிய டீச்சரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் வைத்தார், இந்த முறை வேறு மாதிரி. முப்பது நாள் ஓடிவிட்டது. பதில் வரவில்லை.

பத்தாவது தேர்தல் அன்று அவர் ஐந்து மணிக்குக் கதவுகளைத் திறந்தார், சாவியைக் கொடுத்தார், சீட்டு வாங்கினார். ஏழு மணிக்கு வரிசையில் போய் நின்றார்; அவருக்கு முன்னால் பதினாறு பேர். "சாவியம்மா, நீங்க முன்னாடி போங்க, அடுப்பு வேலை இருக்கும்" என்று யாரோ வழிவிட்டார்கள். "அதெல்லாம் வேணாம், என் முறை வரட்டும்" என்று சொல்லிவிட்டார். உள்ளே போய், நான்காம் வகுப்பு அறையில், தான் முந்திய நாள் இழுத்துப்போட்ட பெஞ்சுக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் அட்டையை நீட்டினார். வெளியே வந்தபோது, எதிர்ப்பட்ட நோட்டுக் கடைக்காரர் கேட்காமலேயே அவரிடம் விரலைக் காட்டினார்.

இன்றும் அவர் அதே பின்பக்க அறையில்தான் இருக்கிறார். வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாகம், வரிசை எண் 612. கல்வி அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறார். சாக்பீஸ் டப்பாவில் இப்போது ஒன்பது சீட்டு இருக்கிறது, நான் எழுதிக் கொடுத்ததைச் சேர்க்காமல்.